ரெண்டு வரி எழுத மூணு வாரம்

சொந்தமா ஒரு வெப்சைட் வைக்கலாம்னு உக்காந்தேன், முதல்ல அதுல என் மானம் போன கதைய சொல்லிடறேன். ஃபைல அப்லோட் பண்ணியாச்சு, பேரு இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்னு என் ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியுது, ஆனா அட்ரஸ போட்டு என்டர் தட்டினா 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லங்கற பதில். மறுபடி அப்லோட், மறுபடி 404. அழிச்சுட்டு புதுசா போட்டேன், வேற ப்ரௌசர்ல பாத்தேன், நெட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ரெண்டு மணி நேரம் இதே வேலைதான். கடைசியில பாத்தா அந்த ஃபைலோட முழுப்பேரு இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் டாட் டிஎக்ஸ்டி. என் கம்ப்யூட்டர்ல ஃபைல் எக்ஸ்டென்ஷன மறைக்கற செட்டிங் ஆன்ல இருந்திருக்கு, எடிட்டர் தன் பங்குக்கு பின்னாடி ஒரு வால ஒட்டி விட்டிருக்கு. இதுல கொடுமை என்னன்னா அப்லோட் ஆன லிஸ்ட்ல முழுப்பேரும் தெளிவாவே போட்டிருந்துச்சு, நான்தான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கல.

அந்தப் பேருக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னு கேட்டா, நாம வெறும் சைட் அட்ரஸ மட்டும் அடிக்கும்போது எந்த ஃபைல் வேணும்னு சொல்றதே இல்ல இல்லையா, அப்ப சர்வர், அதாவது நம்ம ஃபைல வெச்சிருந்து கேக்கறவங்களுக்கு அனுப்பற கம்ப்யூட்டர், அந்த ஃபோல்டருக்குள்ள போய் இன்டெக்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கான்னு தேடும். இருந்தா அதான் உங்க முகப்பு. இல்லன்னா ஒண்ணு 404 வரும், இல்ல சில சர்வர்ல ஃபோல்டர்ல கிடக்கற அத்தனை ஃபைல் பேரையும் பட்டியல் போட்டு ஊருக்கே காட்டிடும். அதனால பேரு சின்ன எழுத்துல, கூட வால் எதுவும் இல்லாம, அப்படியே இருக்கணும்.

சரி எதுக்கு இந்த வேலைன்னு சொல்லல பாருங்க. நான் ஒரு குட்டி டெலஸ்கோப் வெச்சிருக்கேன், அதுல நிலாவ பாத்து பென்சில்ல வரையறது என் பழக்கம். நோட்டு நோட்டா சேந்து போச்சு. சோஷியல் மீடியால போட்டா அன்னிக்கு நாலு பேர் லைக் போடுவாங்க, அடுத்த வாரம் எனக்கே அந்தப் படத்த தேடி எடுக்க முடியாது. எல்லாத்தையும் ஒரே இடத்துல, ஒரே அட்ரஸ்ல, காசு செலவில்லாம வைக்கணும். அவ்வளவுதான் ஆசை.

இலவசமா சைட் வைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ரெடியா டெம்ப்ளேட் குடுத்து இழுத்து இழுத்து வைக்கச் சொல்ற பில்டர்கள், கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம் மாதிரி. இன்னொண்ணு, வெப் பக்கம் எழுதற மொழியான எச்டிஎம்எல்ல நாமளே எழுதி ஃபைல ஏத்தறது, அதுக்கு 2013ல வந்த நியோசிட்டீஸ் இருக்கு, 2008லேர்ந்து கிட்ஹப் பேஜஸ் இருக்கு, ரெண்டுலயும் இலவசமா ஒரு ஜிபி அளவுக்கு சைட் வைக்கலாம், எழுத்தும் படமும் மட்டும்னா அது ஆயுசுக்கும் போதும். ரெண்டுமே நாம வெச்ச ஃபைல அப்படியே எடுத்து நீட்டற ரகம்தான், பின்னாடி டேட்டாபேஸ், லாகின் எல்லாம் ஓட்ட முடியாது. நிலா படத்துக்கு எதுக்கு லாகின்.

பில்டர்ல ஒண்ண முதல்ல திறந்து பாத்தேன். டெம்ப்ளேட்ட எடுத்தவுடனே ஸ்க்ரீன் முழுக்க ஒரு மலை போட்டோ, நடுவுல கொட்டை எழுத்துல ஒரு வாசகம், அதுக்குக் கீழ "தொடங்குங்கள்"னு ஒரு பட்டன். எதைத் தொடங்கறது? வர்றவங்க என்கிட்ட எதத் தொடங்கப் போறாங்க? கடை வெச்சிருக்கவங்களுக்கு செஞ்ச சட்டைய நான் போட்டுப் பாத்த மாதிரி தொளதொளன்னு இருந்துச்சு. மூடிட்டு கையால எழுதிக்கலாம்னு முடிவு பண்ணேன். பில்டர் மட்டம்னு சொல்லல, அவசரமா ஒரு பக்கம் வேணும்னா அதான் சுலபம். ஆனா எச்டிஎம்எல் ஃபைல்னா நாளைக்கு ஒரு எடம் இழுத்து மூடினாலும் அதே ஃபைல தூக்கிட்டுப் போய் வேற எடத்துல வெச்சா அப்படியே ஓடும்.

மூடறதப் பத்தி எனக்கு ஒரு பயம் உண்டு, காரணமாத்தான். காலேஜ் படிக்கறப்போ ஒரு இலவச சர்வீஸ்ல, பேரு வேணாம், கவிதைன்னு நான் நம்பினத எல்லாம் ஏத்தி வெச்சிருந்தேன். ஒருநாள் அந்த சர்வீஸே இல்ல. மூடப் போறோம்னு மெயில் அனுப்பியிருக்காங்க, அது நான் எப்பவோ விட்டுட்டுப் போன மெயில் ஐடிக்குப் போயிருக்கு. ஜியோசிட்டீஸ்னு ஒண்ணு இருந்துச்சே, 1994ல ஆரம்பிச்சு, தெரு தெருவா பேட்டை பேட்டையா பிரிச்சு ஜனங்களுக்கு இலவசமா பக்கம் குடுத்தாங்க, அதையே 2009 அக்டோபர்ல மூடிட்டாங்க. ஆர்க்கைவ் டீம்னு தன்னார்வலர்கள் ராத்திரி பகலா உக்காந்து முடிஞ்ச வரைக்கும் அள்ளி வெச்சதாலதான் அதுல ஒரு பகுதியாவது மிச்சம். என் கவிதைகளுக்கு அந்த மாதிரி யாரும் வரல. வராததும் ஒரு வகையில நல்லதுதான். இப்ப நான் செய்யறது, மொத்த சைட்டும் என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர்ல இருக்கும், நெட்ல இருக்கறது அதோட நகல் மட்டும்தான்.

404 கதை முடிஞ்சதும் பக்கம் வந்துச்சு. வந்ததப் பாத்து நான் ஆடிப்போயிட்டேன். தமிழ்ல எழுதினதுல ஒரு எழுத்து கூட தமிழா இல்ல. தலையில சாஞ்ச கோடு போட்ட ஒரு இங்கிலீஷ் ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், அப்புறம் ஏதோ ஒரு கிறுக்கல். மறுபடி ஏ, வட்டத்துக்குள்ள ஆர், கிறுக்கல். பக்கம் முழுக்க இதே ஜபம். ஏன்னு தேடிப் படிச்சப்பதான் சுவாரசியமாச்சு. எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டர்ல சேத்து வைக்கற முறைக்குப் பேரு யூடிஎஃப் 8, அதுல ஒரு தமிழ் எழுத்துக்குறி மூணு பைட் எடுத்துக்கும். ப்ரௌசர்கிட்ட இது யூடிஎஃப் 8னு நாம சொல்லலன்னா அது பழைய பழக்கத்துல ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்துன்னு படிச்சிடுது. தமிழ் எழுத்துக்கெல்லாம் முதல் பைட் ஒண்ணேதான், ரெண்டாவது பைட்டும் பெரும்பாலும் ஒண்ணேதான், அதனாலதான் அந்த ஏவும் ஆரும் ஜோடியா திரும்பத் திரும்ப வருது. மூணாவது பைட்டுதான் இது கவா மவான்னு சொல்றது, அதான் கிறுக்கல் மட்டும் மாறிட்டே இருக்கு. மருந்து ஒரே வரி, ஃபைல்ல மேல ப்ரௌசருக்குன்னு குறிப்பு எழுதற ஹெட் பகுதியில மெட்டா சார்செட் யூடிஎஃப் 8னு போடணும். அதையும் மேலேயே போடணும், ஃபைலோட முதல் 1024 பைட்டுக்குள்ள வரணும்னு விதி இருக்கு. நான் மேல ஒரு நீளமான குறிப்பு தமிழ்ல எழுதி வெச்சுட்டு அதுக்குக் கீழ இத போட்டா நடக்குமா. ஒரு எழுத்துக்கு மூணு பைட்னா 1024 எவ்வளவு சீக்கிரம் தீரும்னு கணக்கு போட்டுக்கோங்க.

இதுக்கே அலுத்துக்கறமே, முன்னாடியெல்லாம் டிஸ்கி, டாப், டாம், பாமினின்னு ஒவ்வொரு சைட்டும் ஒரு எழுத்துமுறை, "இப்பக்கத்தைப் படிக்க இந்த எழுத்துருவை தரவிறக்கவும்"னு முகப்புலயே போர்டு வெச்சிருப்பாங்க, எழுத்துரு இல்லாம போனா இதே மாதிரி ஜிலேபிதான். அத அனுபவிச்சவங்களுக்கு ஒரு மெட்டா வரி பெரிய விஷயமே இல்ல.

தமிழ் வந்த சந்தோஷத்துல லிங்க்க அக்காவுக்கு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல ஸ்க்ரீன்ஷாட்டோட பதில் வருது, "என்னடி இது, எறும்பு வரிசையா போற மாதிரி இருக்கு, பெருசு பண்ணிப் பண்ணி விரல் வலிக்குது". எனக்கு லேப்டாப்ல அழகா இருக்கு, அவ போன்ல எறும்பு. விஷயம் என்னன்னா வியூபோர்ட்னு இன்னொரு மெட்டா வரி இருக்கு, அது இல்லன்னா போன் "சரி இது பெரிய ஸ்க்ரீனுக்கு செஞ்ச பக்கம் போல"ன்னு நெனச்சுகிட்டு கிட்டத்தட்ட 980 பிக்சல் அகலத்துக்கு பக்கத்த வரைஞ்சு அப்படியே சுருக்கி கைக்குள்ள அடக்கிடும். 2007ல ஐபோன் வந்தப்போ இருந்த சைட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குன்னே செஞ்சது, அதுக்காக வந்த ஏற்பாடு இன்னும் தொடருது. அந்த ஒரு வரிய போட்டதும் அக்கா "இப்ப ஓகே, ஆனா வரி வரியா ஒட்டிக்கிட்டு நிக்குது"ன்னா. அதுவும் உண்மைதான். தமிழுக்கு மேல கொம்பு, கீழ வால்னு ரெண்டு பக்கமும் எடம் வேணும், இங்கிலீஷுக்கு வெச்ச வரி இடைவெளி பத்தாது. லைன் ஹைட்ட 1.7 ஆக்கினேன், மூச்சு வந்துச்சு. ஸ்டைலா இருக்கும்னு சாம்பல் கலர்ல எழுத்து வெச்சிருந்தேன், அதையும் கருப்பாக்கிட்டேன். அக்கா சொன்னா செஞ்சுட வேண்டியதுதான்.

ஃபைலுக்கு பேரு வைக்கறதுல இன்னொரு அடி வாங்கினேன். தமிழ்ப்பற்று பொங்கி, என்னைப் பத்தின பக்கத்துக்கு அறிமுகம்னே பேரு வெச்சேன். ப்ரௌசர்ல மேல அழகா அறிமுகம்னுதான் தெரியும், அத காப்பி பண்ணி மெசேஜ்ல ஒட்டினா வெடிச்சுடும், பர்சன்டேஜ் குறியும் நம்பரும் எழுத்துமா ஒரு ரயில் வண்டி. ஒரு எழுத்துக்குறி மூணு பைட், ஒரு பைட்டுக்கு மூணு இடம், ஆக ஒண்ணுக்கு ஒம்போது. அறிமுகம்ல கொம்பு, சுழி, புள்ளியெல்லாம் தனித்தனியா எண்ணினா எட்டு குறி, மொத்தம் 72 எழுத்து நீளத்துக்கு ஒரு பேரு. அத பாத்தா யாரும் வைரஸ்னு நெனச்சு தொடவே மாட்டாங்க. பக்கத்துக்குள்ள எவ்வளவு வேணா தமிழ், ஃபைல் பேரு மட்டும் இங்கிலீஷ் சின்ன எழுத்துன்னு சமாதானம் ஆயிட்டேன். சின்ன எழுத்துன்னு அழுத்திச் சொல்றதுக்கும் காரணம் இருக்கு, ஸ்கேனர் ஜேபிஜிய பெரிய எழுத்துல போட்டு வெச்சிருந்துச்சு, நான் பக்கத்துல சின்ன எழுத்துல எழுதினேன், என் மெஷின்ல படம் வந்துச்சு, சர்வர்ல வரல. பெரும்பாலான சர்வர் லினக்ஸ்ல ஓடுது, அதுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல்.

படம்னதும் ஞாபகம் வருது, இதுதான் நான் பண்ணதுலயே பெரிய முட்டாள்தனம். வரைஞ்சத 600 டிபிஐல, அதாவது ஒரு இஞ்சுக்கு 600 புள்ளின்னு, ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன், ஒரு ஏ4 தாள் 4960க்கு 7016 பிக்சல், ஃபைல் ஒவ்வொண்ணும் 6 எம்பி. முகப்புல 12 படம். 72 எம்பி! எச்டிஎம்எல்ல அகலம் 300னு குடுத்திருக்கோமே, சின்னதாத்தானே தெரியுதுன்னு நெனச்சேன். தெரியறதுதான் சின்னது, முழு 6 எம்பியும் இறங்கித்தான் ஆகணும். யாரோ ஒருத்தர் மொபைல் டேட்டால என் பக்கத்த திறந்திருந்தா என்ன சபிச்சிருப்பாங்களோ. எல்லாத்தையும் 1200 பிக்சல் அகலத்துக்கு குறைச்சு சேவ் பண்ணேன், ஒவ்வொண்ணும் 200 கேபிக்குள்ள வந்துடுச்சு, பென்சில் கோடு ஒண்ணும் கெட்டுப் போகல. கூடவே அகலமும் உயரமும் படத்த வைக்கச் சொல்ற எச்டிஎம்எல் குறியான டேக்ல எழுதி வெச்சா படம் வர்றதுக்கு முன்னாடியே ப்ரௌசர் எடம் போட்டு வெச்சுக்கும், படிச்சுட்டு இருக்கறப்போ வரி குதிக்காது.

ஒரு சாயந்திரம் முழுக்க, எழுத்த ஓட வைக்கற மார்க்கீ டேக்கையும் ஓட விட்டிருந்தேன், ஒத்துக்கறேன். "நிலா... நிலா..."ன்னு எழுத்து வலதுலேர்ந்து இடதுக்கு ஓடும். அந்த டேக் காலாவதின்னு ஸ்டாண்டர்ட்லயே எழுதி வெச்சாச்சு, இருந்தும் ப்ரௌசர்கள் இன்னும் ஓட்டுதுங்க. எழுத்த மினுக் மினுக்குன்னு காட்டற பிளிங்க் டேக்குக்கு அந்த பாக்கியம் இல்ல, ஃபயர்ஃபாக்ஸ்கூட 2013ல கைவிட்டுடுச்சு. மறுநாள் காலைல பாத்தப்போ எனக்கே தலை சுத்துச்சு, எடுத்துட்டேன்.

இவ்வளவும் ஒரே வாரக்கடைசியில முடிஞ்ச வேலை. எது எதுக்கு முட்டிக்கணுமோ அதுக்கெல்லாம் தேடினா விடை கெடைக்குது. விடை கெடைக்காத ஒண்ணு, பக்கத்துல என்ன எழுதறது. அதுக்குத்தான் மூணு வாரம்.

முதல் நாள் கை தானா எழுதினது இது: "எங்கள் இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்". எழுதிட்டு பாக்கறேன், எங்கள்னா யாரு? இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். வரவேற்கிறோம்னா கூட யாரு நிக்கறா? நாம தமிழ்ல ஏதாவது "போர்டு" எழுத உக்காந்தாலே கல்யாண மண்டப வாசல்ல நிக்கற ஆள் மாதிரி ஆயிடறோம், பேசற தமிழ் எங்கயோ ஓடிப்போயிடுது. சரின்னு "என் தளத்திற்கு வரவேற்கிறேன்"னு மாத்தினேன். இலக்கணம் சரி ஆச்சு, இருந்தாலும் வந்தவங்களுக்கு இதுல என்ன தெரிஞ்சுது? ஒண்ணுமில்ல.

ரெண்டாவது வாரம் சுயசரிதை. சின்ன வயசுல மொட்ட மாடியில படுத்துகிட்டு நிலாவ பாத்ததுலேர்ந்து ஆரம்பிச்சு, ஸ்கூல், காலேஜ், வேலைன்னு ஒம்போது பத்தி. டெலஸ்கோப் வாங்கின எடம் ஏழாவது பத்தியில வருது. நானே படிச்சா ரெண்டாவது பத்தியில தூக்கம். அதுக்கப்புறம் ஒரு கேவலமான முயற்சி, படர்க்கையில எழுதிப் பாத்தேன், "இவர் சிறுவயது முதலே வானியலில் ஆர்வம் கொண்டவர்". இவராம். யாரு எழுதினதுன்னு தெரியாதா என்ன.

அப்பதான் ஒரு வேல செஞ்சேன். கூட வேலை பாக்கற ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட போன நீட்டி, அஞ்சு எண்ணி பிடுங்கிகிட்டு, "இது என்ன சைட் சொல்லு"ன்னு கேட்டேன். அவன் கொஞ்சம் யோசிச்சுட்டு "டிராயிங் கிளாஸ் நடத்தறியா?"ன்னான். இன்னொருத்திகிட்ட காட்டினேன், "ஜோசியமா?". வரவேற்பு, மேற்கோள், பத்தி பத்தியா என் வரலாறு எல்லாம் இருந்தும் இவ பென்சில்ல நிலா வரையறாங்கற ஒரே ஒரு விஷயம் யாருக்கும் போய்ச் சேரல.

அன்னிக்கு ராத்திரி, உலகத்தோட முதல் வெப்சைட் எப்படி இருந்துச்சுன்னு ஒரு ஆசையில போய்ப் பாத்தேன். செர்ன்ங்கற ஆராய்ச்சிக்கூடத்துல, வெப்ப கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ் லீ 1991ல வெச்சது, 2013ல செர்னே மறுபடி அதே பழைய அட்ரஸ்ல எடுத்து வெச்சிருக்காங்க, அதுல இப்ப பாக்கக் கெடைக்கறது 1992ம் வருஷத்து காப்பி. வெள்ளை பக்கம், எழுத்து, லிங்க், வேற ஒண்ணுமே கிடையாது. வரவேற்கிறோம்னு ஒரு வார்த்தை இல்ல. தலைப்பு, அடுத்த வாக்கியத்துலயே இது இன்னது, இதுக்காகன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எது எது எங்க இருக்குன்னு வரிசையா லிங்க், கடைசிப் பக்கமா நீங்க எப்படி உதவலாம்னு ஒரு வரி. வெப்புன்னா என்னன்னே உலகத்துக்குத் தெரியாத காலத்துல, அத ஒரே வாக்கியத்துல சொல்லி முடிச்சிருக்காங்க. நான் நிலா படத்துக்கு ஒம்போது பத்தி.

எல்லாத்தையும் அழிச்சேன். இப்ப முகப்புல இருக்கறது இதுதான்:

"சின்ன டெலஸ்கோப்ல பாத்து பென்சில்ல நிலா வரையறேன். இதுவரைக்கும் 63 படம் ஆச்சு, கடைசியா வரைஞ்சது கீழ."

அதுக்குக் கீழ ஒரே ஒரு படம். அமாவாசையிலேர்ந்து ஒம்பதாவது நாள், கோப்பர்நிகஸ் பள்ளம், குறுக்கால 93 கிலோமீட்டர் இருக்கற பள்ளம், அன்னிக்குத்தான் அதுக்கு விடியல், வெளிச்சமும் இருட்டும் முட்டிக்கற கோட்டுல நிக்குது, கிழக்குச் சுவரோட நிழல் உள்ள பாதி தரையை மூடியிருக்கு, எதிர்ப்பக்கச் சுவரு மட்டும் வெயில் பட்டு பல்லு மாதிரி வெளுப்பா. இந்த வர்ணனைய அப்படியே ஆல்ட் டெக்ஸ்ட்ல, அதாவது படத்துக்குப் பதிலா படிக்கற எழுத்துல, எழுதி வெச்சிருக்கேன், முன்னாடி அதுல "படம்1"னு இருந்துச்சு. கண் தெரியாதவங்க ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டா "படம்1"னு மட்டும் காதுல விழுந்து என்ன பிரயோஜனம்.

படத்துக்குக் கீழ மூணு லிங்க். எல்லா படமும், எப்படி வரையறேன், மெயில். மெயில் ஐடிய பக்கத்துல பச்சையா போட்டா ஸ்பேம் ரோபோக்கள் பொறுக்கிட்டுப் போயிடும், அதனால இதுக்குன்னே தனியா ஒரு ஐடி திறந்து வெச்சேன், அது குப்பையாப் போனாலும் என் சொந்த ஐடிக்கு சேதமில்ல. டைட்டில் டேக்ல "முகப்பு"ன்னு வெச்சிருந்தத "பென்சில் நிலா"ன்னு மாத்தினேன், ஏன்னா யாராவது புக்மார்க் பண்ணா அந்தப் பேருலதான் போய் உக்காரும், "முகப்பு"ன்னு இருந்தா யாரு வீட்டு முகப்புன்னு அவங்களுக்கே ஒரு மாசத்துல மறந்துடும்.

அதே ஃப்ரெண்ட்கிட்ட மறுபடி போன நீட்டினேன். அஞ்சு எண்ணல, ரெண்டு எண்றதுக்குள்ளயே "நீ நிலா எல்லாம் வரைவியா? சொல்லவே இல்ல?"ன்னுட்டு போன திருப்பிக் குடுக்காம எல்லா படத்தையும் தள்ளித் தள்ளி பாத்துகிட்டு இருந்தான். அக்காவோட தீர்ப்பு மட்டும் வேற, "எல்லாம் சரி, உன் போட்டோ எங்கடி?"

இதுல ஒரு சின்ன சிக்கல். படத்தோட எண்ணிக்கைய நான் கையால எழுதி வெச்சிருக்கேன், ஒவ்வொரு தடவை வரைஞ்சதும் ஃபைல திறந்து நம்பர மாத்தி, படத்த மாத்தி, ஆல்ட் டெக்ஸ்ட் எழுதி ஏத்தணும். வானம் தெளிவா இருக்கற ராத்திரியில யாரு எச்டிஎம்எல் திறப்பா. இப்ப நோட்டுல 65 ஆயிடுச்சு, முகப்புல இன்னும் 63தான்.